பிரிவுக்குப் பின் ஒரு எலக்ட்ரானிக் ஆல்பம்: குரலுக்கு அனுமதி கேட்டதும் அதன் பின் நடந்ததும்

காதல் முறிந்த பிறகு அதையே வைத்துப் பாட்டுப் போடுவது புதிதல்ல. ஆனால் அந்தப் பாட்டில் பிரிந்துபோனவரின் குரலே ஒலித்தால் என்ன செய்வது என்பதற்கு நம் சுயாதீன இசை வட்டாரத்தில் எழுதிவைத்த வழிமுறை ஏதும் இல்லை. சென்னையில் அப்படி உருவான ஒரு ஆல்பத்தில் நான் இணைத் தயாரிப்பாளராகவும் மிக்ஸிங் செய்பவராகவும் இருந்தேன். தொடக்கம் முதல் வெளியீட்டுக்குப் பின் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். ஆல்பத்தை உருவாக்கியவரை இசைஞர் என்றும், அவருடைய முன்னாள் இணையைப் பாடகி என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

இசைஞருக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. பகலில் விளம்பரப் படங்களுக்கு ஒலி வடிவமைப்பு, இரவில் சொந்த இசை. பாடகி சிறு வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கற்றவர், ஆனால் மேடைக் கச்சேரியைத் தொழிலாக எடுக்காதவர். இருவரும் சில வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். தென்சென்னையில் பழைய இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளம். மொசைக் தரை, பத்தடி உயரக் கூரை, பெரிய ஹால்.

அந்த வருடங்களில் ஏறக்குறைய எல்லா நாளும் ஏதாவது பதிவாகிக்கொண்டே இருந்தது. பாடகி காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு சாதகம் செய்வதை இசைஞர் மூலையில் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்வார். சமையலறையில் பாடகி முணுமுணுத்த மெட்டு, போனில் வந்த வாய்ஸ் மெசேஜ்கள், மொட்டை மாடியில் மழைச் சத்தம் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போய்ச் சேர்ந்தன. இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போடுவதாகத்தான் பேச்சு. அதற்குள் பிரிந்துவிட்டார்கள். பிரிவுக்கான காரணம் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. வெறுப்போடு பிரியவில்லை, ஆனால் பேச்சுவார்த்தை அறவே நின்றுபோனது என்பதை மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலின் பாதி அங்கே இருந்தது.

முதல் வடிவத்தில் இருந்தவை

பாடகி வீட்டைவிட்டுப் போன சில மாதங்களுக்குப் பிறகு இசைஞர் என்னைக் கூப்பிட்டு ஒன்பது பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தவை.

முறை இதுதான். பாடகியின் குரலை மிகச் சிறிய துணுக்குகளாக, ஒவ்வொன்றும் நொடியின் இருபதில் ஒரு பங்கு அளவில், நறுக்குவார். அந்தத் துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பின் மாற்றி, நீட்டிப் போட்டால் குரல் ஒரு மேகம்போல ஆகிவிடும். கிரானுலர் சிந்தஸிஸ் என்று இதைச் சொல்வார்கள். அடிப்படைச் சிந்தனை 1940களில் இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் எழுதியதில் இருந்து வருகிறது, பிறகு இசையமைப்பாளர் செனாக்கிஸ் அதை இசைக்குள் கொண்டுவந்தார். இன்று எந்த லேப்டாப்பிலும் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் ஒன்றைப் போட்டால் கிடைக்கும். இசைஞர் அதை மிக நன்றாகக் கையாண்டிருந்தார். ஒரு பாட்டில் தாளமே பாடகியின் 'த', 'க' என்ற மெய்யொலிகளால் ஆனது. இன்னொன்றில் நான்கு நொடி முணுமுணுப்பு ஒன்று ஏழு நிமிடத்துக்கு நீண்டிருந்தது.

மூன்று பாட்டுகளில் வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தன. ஆறாவது பாட்டில் ஒரு சண்டை. சாதகப் பதிவுக்காக ஓடிக்கொண்டிருந்த மைக்கை யாரும் அணைக்காததால் அது பதிவாகியிருந்தது. வார்த்தைகள் புரியாதபடி உடைத்திருந்தார், ஆனால் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. கேட்ட எவருக்கும் அது சண்டை என்று தெரியும்.

கேட்ட நண்பர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். நானும் அசந்தேன். இரண்டாம் முறை கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன்: பாடகியைத் தெரிந்த எல்லோரும் முதல் சில நொடிகளிலேயே குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள். சுருதியை ஏற்றி இறக்கிய இடத்தில்கூடக் கண்டுகொண்டார்கள். தொண்டையும் வாயும் சேர்ந்து எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கின்றனவோ அதுதான் ஒருவரின் குரலுக்கு முகம். இசைஞர் சுருதியை மாற்றினாலும் அந்த முகத்தை மாற்றாமல் காக்கும் அமைப்பையே பயன்படுத்தியிருந்தார், ஏனென்றால் அது போய்விட்டால் குரல் பொம்மைபோல் ஒலிக்கும். ஆக, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு செல்லாது.

மியூட் சோதனை

ஐஸ்லாந்து இசைக்கலைஞர் பியோர்க் 2015 ஜனவரியில் 'வல்னிக்யூரா' ஆல்பத்தை வெளியிட்டார். ஒரு நீண்ட உறவு முறிந்ததைப் பற்றிய எலக்ட்ரானிக் ஆல்பம் அது, பெரும்பகுதியில் ஆர்க்கா இணைத் தயாரிப்பாளர். அதே ஆண்டு நவம்பரில் எலக்ட்ரானிக் தாளங்கள் எல்லாவற்றையும் நீக்கி, தந்தி வாத்தியங்களும் குரலும் மட்டும் மிஞ்சும்படி இன்னொரு வடிவத்தையும் கொண்டுவந்தார். பாட்டுகள் அப்படியே நின்றன. இந்த உதாரணத்தை இசைஞர்தான் அடிக்கடி எடுப்பார், அவருக்கு அது வேதம்.

சரி, அதே சோதனையை நாமும் செய்துபார்க்கலாம் என்றேன், ஆனால் திருப்பிப் போட்டு. எலக்ட்ரானிக் ஒலியை எடுக்கவேண்டாம், பாடகியின் குரல் இருக்கும் ட்ராக்குகளை மட்டும் மியூட் செய்து ஒன்பது பாட்டையும் கேட்போம்.

ஐந்து பாட்டுகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அடியில் ஒரு பேஸ், மேலே கொஞ்சம் இரைச்சல், நடுவில் வெற்றிடம். மீதி நான்கில் பாட்டு இருந்தது. அதில் இரண்டு நிஜமாகவே நல்ல பாட்டுகள், குரல் மேகத்துக்குக் கீழே மறைந்துகிடந்த அவருடைய சொந்த மெட்டுகள். இசைஞர் அவற்றைப் பல வாரங்களாகத் தனியே கேட்டதே இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. குரல் துணுக்குகளை நறுக்கும் வேலை இரவு முழுக்க நீளும். ஒரே நான்கு நொடியை நூற்றுக்கணக்கான முறை லூப்பில் கேட்பார். அவர் தூங்கவில்லை, சாப்பாடும் நேரத்துக்கு இல்லை. அந்த லூப்பைக் கேட்பது வேலை, ஆனால் கேட்பதற்குக் காரணம் வேலை அல்ல என்பது அவருக்கே தெரிந்திருந்தது. இதைப் பற்றிப் பேச ஒரு ஆலோசகரிடம் அவர் போகத் தொடங்கியதும் அப்போதுதான். அதைப் பற்றி நான் மேலே எதுவும் சொல்லப்போவதில்லை. வேலை சம்பந்தமாக ஒரு விதி மட்டும் வைத்தோம்: பாடகியின் குரல் உள்ள கோப்புகளைப் பகலில் மட்டும்தான் திறப்பது, அதுவும் அவரும் நானும் சேர்ந்து இருக்கும்போது.

அனுமதி கேட்கும் முடிவு

இசைஞரின் முதல் வாதம்: பதிவு செய்தது நான், மைக் என்னுடையது, அப்போது அவருக்குத் தெரிந்தே பதிவு செய்தேன். இரண்டாவது வாதம்: வெளிநாட்டில் செய்கிறார்களே. டர்ட்டி ப்ரொஜெக்டர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 2017இல் வெளியிட்ட ஆல்பம் ஒரு பிரிவைப் பற்றியதுதான், அதன் முதல் பாட்டில் அதே குழுவின் 2012 காதல் பாட்டு ஒன்றின் துண்டு சாம்பிளாக வருகிறது. ஏற்கெனவே வெளியான தன் சொந்தப் பாட்டை எடுத்துப் போடுவதும், வெளியாகாத வீட்டுப் பதிவை எடுத்துப் போடுவதும் ஒன்றா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் சொன்னதன் சுருக்கம் இது. ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதை முன்னெடுத்துச் செய்தவருக்கு. ஆனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு பாடியவருக்கென்று தனி உரிமை தருகிறது, அது 50 ஆண்டு நீடிக்கும். 2012 திருத்தத்தில் வந்த 38அ, 38ஆ பிரிவுகள் இன்னும் தெளிவானவை: நிகழ்த்துநரின் உரிமைகளை 38அ விரித்துச் சொல்கிறது. தன்னைப் பாடியவராக அடையாளப்படுத்தக் கோரும் உரிமையையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி தன் நிகழ்த்தலைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் 38ஆ தருகிறது. சாதகம் பண்ணும்போது பாடியதை நிகழ்த்தல் என்று வாதிடலாம். வாய்ஸ் மெசேஜும் சண்டையும் நிகழ்த்தலா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அங்கே வேறொரு சட்டம் குறுக்கே நிற்கும், அந்தரங்க உரிமை. ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது: ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையை, பொது ஆவணங்களில் இல்லாதபட்சத்தில், அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தது.

எங்கள் முடிவுக்குச் சட்டம் ஒரு காரணம் மட்டும்தான். பாடகி இந்த ஊரில்தான் இருக்கிறார், இதே அரங்குகளுக்கு வருகிறார். ஒரு நாள் ஏதோ ஒரு காபிக் கடையில் தன் சண்டை பின்னணியில் ஒலிப்பதைக் கேட்கும் நிலைமை அவருக்கு வரக்கூடாது. இது இசைஞருக்கும் புரிந்தது. கேட்பது என்று முடிவானது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் அதிக நேரம் செலவானது. இசைஞர் நேரடியாகக் கேட்டால் அது அனுமதிக் கோரிக்கையாக இருக்காது, பழைய பேச்சின் தொடர்ச்சியாகிவிடும். அதனால் இருவருக்கும் பொதுவான ஒரு பாடலாசிரியை மூலம் போனோம். இருவரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் கொடுத்தது ஒரு பட்டியல். எந்தப் பாட்டில், எந்தப் பதிவிலிருந்து, எத்தனை நொடி, அதற்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது, மாற்றாத மூல ஒலி எது, ஆல்பத்தில் ஒலிக்கும் வடிவம் எது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: சரி, வேண்டாம், பேசவேண்டும். விளக்கக் கடிதம், மன்னிப்பு, நினைவூட்டல் எதுவும் சேர்க்கவில்லை. பதிலுக்குக் கெடுவும் வைக்கவில்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வோம் என்பதை மட்டும் மேலே எழுதியிருந்தோம்.

பாடகி சொன்ன பதில்

பதில் வரச் சில வாரங்கள் ஆகின. எங்கள் எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலிக்கவில்லை.

சண்டையும் வாய்ஸ் மெசேஜ்களும் வேண்டாம் என்றார். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நறுக்கி மேகமாக்கிய குரலையும் வேண்டாம் என்றார். அவர் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி நறுக்கினோம் என்று இசைஞர் நம்பியிருந்தார். பாடகியின் பார்வையில் அதுதான் அவமரியாதை. இரண்டு முணுமுணுப்புகளை மட்டும் அவர் அனுமதித்தார், அதுவும் சுருதி மாற்றாமல், நறுக்காமல், அவர் பாடியது பாடியபடி இருந்தால். அந்த இரண்டு மெட்டுகளையும் தான் போட்டதாகச் சொல்லி இணை இசையமைப்பாளராகப் பெயரும் பங்கும் கேட்டார்.

பெயர் போடாமல் விடுவதுதான் அவருக்கு நல்லது என்று நினைத்து நான் போனில் கேட்டேன். "அண்ணா, பாடினது நான். பேர் போடாம விட்டா என்னைக் காப்பாத்துற மாதிரி உங்களுக்குத் தோணலாம். எனக்கு அப்படி இல்ல," என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை: பாட்டு வரிகளில் தன்னைக் குறிக்கும் எதுவும், ஊர், வேலை, செல்லப்பெயர் எதுவும் வரக்கூடாது.

இதைப் பாடலாசிரியையிடம் சொன்னபோது அவர் உடனே தொல்காப்பியத்தைச் சொன்னார். அகப்பாட்டில் தலைவன் தலைவியை இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. பெயர் வந்துவிட்டால் அது அகம் இல்லை. பாடிய புலவரின் பெயர் மட்டும் பாட்டுக்கு வெளியே நிற்கும். பாடகி கேட்டது அச்சாக அதைத்தான். காதலியாகத் தன்னைப் பாட்டுக்குள் காட்டாதே, கலைஞராகத் தன் பெயரைப் பாட்டுக்கு வெளியே போடு. இதற்கு மேல் தெளிவான விதி எங்களுக்குத் தேவைப்படவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுத்தோம்.

காலி வீடு

பதிலுக்குப் பிறகு கையில் மிஞ்சியது நான்கு பாட்டு, இரண்டு முணுமுணுப்பு. ஆல்பத்தைக் கைவிடலாம் என்று இசைஞர் நினைத்த நேரம் அது. அதே மாதம் வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு ஹாலில் நின்று பேசும்போது எங்கள் குரலே எங்களுக்கு வேறாகக் கேட்டது. சோபா, திரைச்சீலை, புத்தக அலமாரி, மெத்தை எல்லாம் ஒலியை உறிஞ்சுபவை. அவை போனபின் மொசைக் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடித்தன. கைதட்டினால் ஒலி அடங்க ஒன்றரை நொடிக்கு மேல் ஆனது.

அந்த அறையையே பதிவு செய்துவிடலாம் என்ற யோசனை இசைஞருடையது. முறை பழையதுதான்: ஒரு ஸ்பீக்கரை வைத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு ஒலியை ஓடவிட்டு, அறை அதற்கு என்ன பதில் தருகிறது என்று பதிவு செய்தால், கணக்குப் போட்டு அறையின் எதிரொலித் தடத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கலாம். பிறகு எந்த ஒலியை அதற்குள் போட்டாலும் அந்த அறையில் ஒலித்ததுபோலவே கேட்கும்.

சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவு வேலையை வைத்துக்கொண்டோம். பகலில் முடியாது, கீழே தெருவில் ஆட்டோவும் மீன் வண்டியும் நிற்காது. நள்ளிரவுக்குப் பிறகு மின்விசிறிகளை நிறுத்தி, படிக்கட்டு ட்யூப் லைட்டின் ரீங்காரம் கேட்டதால் அதையும் அணைத்து, ஒவ்வொரு அறையிலும் ஓடவிட்டோம். நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஹால், சமையலறை, படுக்கையறை, குளியலறை, படிக்கட்டு, அப்புறம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம். தொட்டி காலியாக இருந்தது, அதன் எதிரொலி அடங்கவே மறுத்தது.

ஹாலின் பதிவைக் கணினியில் பார்த்தபோது 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முகடு நின்றது. காரணம் எளிது. இணையான இரண்டு சுவர்களுக்கோ, தரைக்கும் கூரைக்குமோ இடையே பத்தடி இருந்தால், ஒலியின் வேகத்தை அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணில் அறை தானாகவே முழங்கும். சென்னை வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், பத்தடி என்பது 3.05 மீட்டர், கணக்கு 57இல் வந்து நிற்கிறது. அது பியானோவில் 55 ஹெர்ட்ஸ் கட்டைக்கும் 58 ஹெர்ட்ஸ் கட்டைக்கும் இடையே விழும் ஒரு சுருதி, எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. வழக்கமாக இந்த முழக்கத்தை மிக்ஸிங்கில் வெட்டி எறிவோம். இங்கே அதையே ஆதார சுருதியாக்கினோம். பாடகியின் குரல் இல்லாத பாட்டுகளில் எல்லா சிந்தசைசர்களையும் அறைக்கு ஏற்பச் சற்றே இறக்கி வைத்தோம்.

குரல் வரும் இரண்டு பாட்டுகளில் அது செல்லாது. சுருதி மாற்றக்கூடாது என்பது நிபந்தனை. அவர் பாடியது ஐந்தரைக் கட்டைச் சுருதியில். அதனால் அங்கே மற்ற எல்லாமே அவர் சுருதிக்கு வந்தன.

அவற்றில் ஒன்றுதான் ஆல்பத்தின் ஆகச் சிறந்த இடம் என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தோன்றுகிறது. பாடகி முணுமுணுத்தது சோபாவும் திரைச்சீலையும் இருந்த ஹாலில், மைக்குக்குப் பக்கத்தில், எதிரொலி அதிகம் இல்லாமல். தொடக்கத்தில் அப்படியே கேட்கிறது. போகப் போக அதே ஹாலின் காலி வடிவத்துக்குள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை, வீடு மட்டும் காலியாகிறது. இதைப் பாடகிக்கு அனுப்பித் தனியாக அனுமதி கேட்டோம், எதிரொலி சேர்ப்பதும் ஒரு மாற்றம்தானே. அவர் ஒப்புக்கொண்டார்.

சண்டை இருந்த ஆறாவது பாட்டுக்கு மாற்று எதுவும் தேடவில்லை. அதை எடுத்துவிட்டோம்.

வரிகளும் வரிசையும்

பாட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் இழுபறி இருந்தது. வல்னிக்யூராவின் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டும் பிரிவுக்கு எத்தனை மாதம் முன், எத்தனை மாதம் பின் என்று குறிக்கப்பட்டிருக்கும், ஒன்பது மாதம் முன்பிலிருந்து தொடங்கும். இசைஞரும் அப்படியே காலவரிசை வேண்டும் என்றார். பாடலாசிரியை மறுத்தார். தேதி போட்டால் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள், அது பெயரைச் சொல்வதற்குச் சமம் என்றார். அவர் சொன்னது சரி. அதனால் வீட்டின் வரிசை வந்தது: படிக்கட்டில் ஏறி உள்ளே போய், அறை அறையாக நடந்து, மொட்டை மாடியில் முடியும் எட்டுப் பாட்டுகள். நான்கு புதிதாக எழுதியவை. வரிகளில் 'நீ' என்ற சொல் மிகக் குறைவு. பொருள்கள்தான் வரும்: ஆணி அடித்த ஓட்டை, கேஸ் சிலிண்டர் வைத்த வட்டக் கறை, ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட பெயின்ட் செலவு.

மிக்ஸிங், மாஸ்டரிங் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, ஸ்பாட்டிஃபையின் அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு). அதனால் அழுத்திச் சத்தமாக்குவதில் லாபம் இல்லை. எதிரொலியின் வால் கேட்கவேண்டும் என்பதால் சத்தத்தைக் குறைவாகவே விட்டோம்.

வெளியீடும் அதன் பிறகும்

ஒப்பந்தம் எழுத்தில் போட்டோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று ஆகிவிடும். ஸ்ட்ரீமிங்குக்கு இரண்டும் போதாது, ஆகவே இரண்டையும் குறித்தோம். பாடகியின் பெயர் இரண்டு பாட்டுகளிலும் பாடியவராகவும் இணை இசையமைப்பாளராகவும் வந்தது, அதற்கான பங்கும் அவருக்கே.

ஆல்பம் பெரிய அளவில் ஓடவில்லை. இந்த மாதிரி இசைக்கு இருக்கும் சிறு வட்டம் அதை நன்றாகக் கேட்டது. வருமானம் மாஸ்டரிங் செலவை ஈடுகட்டியது. கேட்டவர்களில் சிலர் பாடகியின் பெயரைப் பார்த்து, இது அவரைப் பற்றிய ஆல்பமா என்று அவரிடமே கேட்டார்கள். தான் பாடிய ஆல்பம் என்று அவர் பதில் சொன்னார். பெயர் மறைத்திருந்தால் இந்தப் பதிலைச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்காது. அந்தப் பாட்டைக் கேட்ட ஒரு நடன இயக்குநர் பாடகியைத் தேடிப்பிடித்துப் பாடக் கூப்பிட்டதும் பெயர் இருந்ததால் நடந்தது.

சிக்கல் ஒன்று மேடையில் வந்தது. வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சிறிய அரங்கில் நேரடி நிகழ்ச்சி. எலக்ட்ரானிக் இசையில் மேடை என்றால் பதிவான துண்டுகளைப் பட்டன் அழுத்தி ஓடவிட்டு, அங்கேயே மாற்றி வாசிப்பது. ஒத்திகையில் இசைஞர் பாடகியின் குரலை எடுத்து வழக்கம்போல் கை போன போக்கில் நீட்டத் தொடங்கினார். ஒப்பந்தத்தில் ஆல்பம் வடிவம் பற்றித்தான் இருந்தது, மேடை பற்றி ஒரு வரியும் இல்லை. அனுமதியின் நோக்கம் தெளிவாக இருந்ததால் நிகழ்ச்சியில் அந்த இரண்டு பாட்டுகளையும் விட்டுவிட்டோம். வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள், ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது.

இசைஞரைப் பொறுத்தவரை ஒரு மாற்றம் சொல்லத்தக்கது. குரல் கோப்புகளை நறுக்கிய மாதங்களில் ஒரு பாட்டு முடிய வாரக்கணக்கில் ஆனது. அறைகளை வைத்து வேலை செய்யத் தொடங்கியபின் புதிய நான்கு பாட்டுகளும் விறுவிறுவென்று வந்தன. காரணம் குரல் போனதா, ஆலோசகரின் உதவியா, காலம் ஓடியதா என்று பிரித்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தன.

இனி மாற்றிச் செய்பவை

அனுமதியை வேலை தொடங்கும் முன்பே கேட்கவேண்டும். ஒன்பது பாட்டு முடிந்தபின் கேட்டதால், பாடகி ஒவ்வொரு முறை வேண்டாம் என்று குறித்தபோதும் ஒருவரின் பல மாத உழைப்பைத் தட்டிவிடும் பாரம் அவர்மேல் விழுந்தது. பின்னால் அவரே இதைச் சொன்னார். பட்டியல் முறை நன்றாக வேலை செய்தது, அதை வைத்துக்கொள்வோம். ஆனால் பாட்டாக ஆகாத மூலப் பதிவுகளை முன்வைத்துத்தான் கேட்போம்.

ஒப்பந்தத்தில் மேடை, ரீமிக்ஸ், விளம்பரம் அல்லது படத்துக்குக் கொடுப்பது ஆகியவை தனித்தனி வரிகளாக வரவேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குக் குரலைப் பயிற்சித் தரவாகக் கொடுக்கக்கூடாது என்பதும் ஒரு வரி. சில நிமிடச் சாதகப் பதிவு இருந்தாலே குரலை நகலெடுக்கும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் இதை விட்டுவைக்க முடியாது.

சேர்ந்து வாழும்போதே, சேர்ந்து இசை செய்பவர்கள் பதிவுகளுக்குப் பெயரிடும்போது யார் பாடியது, மெட்டு யாருடையது, எதற்காகப் பதிவானது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கலாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு மெட்டுகளும் பாடகியுடையவை என்று உறுதிசெய்ய நாங்கள் பழைய பதிவுகளை வரிசைப்படுத்திக் கேட்கவேண்டியிருந்தது, அதற்காகவே சில நாட்கள் போயின.

மூல ஹார்ட் டிஸ்க் பற்றி ஆல்பம் முடியும்வரை யாரும் பேசவில்லை. அதையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்க்கவேண்டும்: வேண்டாம் என்று சொன்ன பதிவுகள் யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம், எப்போது அழிக்கப்படும். இந்த விஷயத்தில் கடைசியில் எடுத்த முடிவு இது. சாதகப் பதிவுகள் முழுவதும் பாடகிக்கு நகலெடுத்துக் கொடுக்கப்பட்டன, அவை அவருடைய பல வருட உழைப்பு. சண்டைப் பதிவும் அதிலிருந்து உருவான எல்லாக் கோப்புகளும் பாடலாசிரியையின் முன்னிலையில் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஆன்லைன் சேமிப்பிலிருந்தும் அழிக்கப்பட்டன. வாய்ஸ் மெசேஜ்கள் இசைஞருக்கு வந்தவை என்பதால் அவருடைய போனில் இருக்கின்றன, இசைக் கோப்புறையில் இல்லை. மேடைக்கான திருத்த ஒப்பந்தம் இப்போது கையெழுத்தாகிவிட்டது: அந்த இரண்டு பாட்டுகளையும் ஆல்பத்தில் உள்ளபடி ஓடவிடலாம், குரலை மட்டும் மேடையில் தொடக்கூடாது.